மஸ்தூராவின் கூரையில் எட்டுக் கண்ணாடிகள்

இல்லை, அவள் விளக்கை அணைக்கவில்லை. எத்தனை பேர் எத்தனை தடவை கேட்டாலும் என் பதில் இதுதான். நேற்று ரொட்டிக் கடை வாசலில் எங்கள் தெரு தோஜிஹான் என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னுமா ஹோலா அந்த மஸ்தூராவுக்குப் பரிஞ்சு பேசுறீங்க? பச்சப்புள்ள கெடந்த ரூம்ல வெளக்க அணைச்சுட்டு, மாமியார் வீட்டுக் கூரையில இருந்ததையும் பேத்து எடுத்துக்கிட்டுப் போனவதான அவ?" என்றாள். வயதில் மூத்தவளைச் சித்தி முறை வைத்து ஹோலா என்பார்கள், அந்த மரியாதைக்கு மட்டும் குறைச்சலில்லை. என் கையில் ரொட்டி இருந்தது. ரொட்டியை ஏந்திக்கொண்டு கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டு வந்தேன். இப்போது ரொட்டியை உள்ளே வைத்தாயிற்று. இனி வாயை மூட எனக்கு ஒரு காரணமும் இல்லை.

மூன்று வருஷமாக இந்தத் தெரு அவளை மென்றுகொண்டிருக்கிறது. ஆண் பிள்ளை இல்லாத வயிற்றெரிச்சலில் எதிர் வரிசை ரிசோலத் வீட்டுப் பேரனுக்குக் கெடுதல் செய்தாளாம். கூரையில் சோலார் பேனல் மாட்ட வந்த ஆளோடு போய்விட்டாளாம். அந்த ஆளை நான் பார்த்திருக்கிறேன். ஏணியில் கால் வைக்கவே இரண்டு தரம் பிஸ்மில்லா சொல்வான். அடுத்தவன் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு ஓடுகிற தைரியம் அவனுக்கு எங்கே. மஸ்தூரா பக்கத்து ஊர் ஜர்குர்கானில் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் மகளோடு இருக்கிறாள், துணி தைக்கிறாள். நான் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் யார் போனீர்கள்?

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். "மெதுவா சொல்லுங்கம்மா" என்கிறாள். கோபம் மெதுவாக வருமா? ஆனால் எனக்குக் கண் தெரியும், காது கேட்கும். என் முற்றத்துக்கும் சாலிஹா முற்றத்துக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு சின்னக் கதவு. நாற்பது வருஷமாக அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. சாலிஹா மஸ்தூராவின் மாமியார். அந்த வீட்டில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் நடந்ததில்லை. அதனால்தான் பேசுகிறேன். அதனால்தான் எனக்கு வெட்கமும் இருக்கிறது. அந்த வெட்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மஸ்தூரா இங்கே மருமகளாக வந்து பதினொரு வருஷம் வாழ்ந்தாள். விடியும் முன்னே வாசல் தெருவைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிடுவாள். நாங்கள் எழுந்து வரும்போது ஈரமண் வாசம் இருக்கும், அவள் இருக்க மாட்டாள், உள்ளே டீ போட்டுக்கொண்டிருப்பாள். புருஷன் தோலிப் ரஷ்யாவில் கட்டட வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் வருவான், மகளுக்குச் சாக்லேட் கொடுப்பான், போய்விடுவான். மிச்சம் பதினொரு மாதமும் அவள் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் தெருவில் கல்யாணமான பெண்களில் பாதிப்பேரின் கல்யாண உடுப்பு அவள் தைத்தது. அவளுடைய அப்பா மின்கம்பம் ஏறியவர். அதனால் ஒயர், ஃபியூஸ் என்றால் அவளுக்குப் பயம் கிடையாது. யார் வீட்டு இஸ்திரிப் பெட்டி கெட்டாலும் அவளிடம்தான் போகும். சரிசெய்து, துடைத்து, நாலு வாதாம்பருப்பை மேலே வைத்து அனுப்புவாள். அப்போதெல்லாம் அவள் கை நல்ல கை.

எங்கள் தெர்மேஸ் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். கோடையின் அந்த நாற்பது நாளில் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் கிடக்கும். ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினால் முதல் துணி காய்ந்திருக்கும். சரியாக அந்த நாட்களில்தான் கரண்ட் போகும். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும், டிரான்ஸ்ஃபார்மர் படுத்துவிடும். வெயில் அதிகம், அதனால் கரண்ட் இல்லை. இப்படி ஒரு பேச்சை எந்தப் பைத்தியக்காரனாவது ஒப்புக்கொள்வானா? நாங்கள் வருஷக் கணக்காக ஒப்புக்கொண்டோம். ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, ஆகட்டும், அல்லாவின் விருப்பம் என்று உட்கார்ந்திருந்தோம். அல்லா என்ன செய்வார் பாவம். அவர் கொட்டோ கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தார், நாங்கள்தான் பாத்திரம் வைக்கவில்லை.

மஸ்தூரா வைத்தாள். தையலில் சேர்த்ததோடு தாய் கொடுத்த தோடுகளை விற்றதையும் போட்டு எட்டு சோலார் பேனல் வாங்கினாள். தாய் வீட்டுத் தோடு, சொந்தக் கை உழைப்பு. மாமியார் வீட்டு ஆணி ஒன்றுகூட அதில் இல்லை. இதை நன்றாகக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். நீல நிறம், தெற்குப் பார்த்த சாய்வு. தெரு அதை மஸ்தூராவின் கண்ணாடி என்றது. "நம்ம ஊரு சூரியன் அதப் பாத்துத்தான் தல சீவிக்குதாம்" என்று தோஜிஹான் சிரிக்க வைத்தாள். நானும் சிரித்தேன்.

முதல் கோடையில் சிரிப்பு இன்னும் கூடியது. ஒரு நாள் பகல் பன்னிரண்டு மணிக்குத் தெருவில் கரண்ட் போனது, மஸ்தூரா வீட்டிலும் சேர்ந்து போனது. தலைக்கு மேல் சூரியன், கூரையில் எட்டுக் கண்ணாடி, கீழே விசிறி நிற்கிறது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அவள் பொறுமையாக விளக்கினாள். தெருக் கம்பியோடு சேர்த்துக் கட்டியதாம். தெருவில் போனால் இதுவும் நின்றுவிட வேண்டுமாம், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிறவன் செத்துப்போவானாம். பாட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் இருந்தால் தனியாக ஓடுமாம். கம்பத்தில் ஏறியவருடைய மகள் சொல்கிறாள், கேட்க வேண்டியதுதானே. யாரும் கேட்கவில்லை. அவள் இன்னும் ஒரு வருஷம் தைத்துப் பாட்டரியும் இன்வெர்ட்டரும் வாங்கினாள்.

அதோடு இன்னொரு வேலை சேர்ந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து மண்காற்று அடித்தால் எங்கள் ஊரில் பல்லுக்கு இடையில்கூட மண் கரகரக்கும். பேனல் மேல் விரல் கனத்துக்கு மண் படியும். கழுவாவிட்டால் பாதிக் கரண்ட் போச்சு. சூடான கண்ணாடி மேல் தண்ணீர் விட்டால் வெடித்துவிடும் என்பதால் விடியற்காலையில் கூரை ஏறுவாள். கூரை ஏறினால் பக்கத்து முற்றங்கள் தெரியும். அதனால் ஏறுகிறவர் முன்கூட்டியே குரல் கொடுக்க வேண்டும், முற்றத்தில் இருக்கும் பெண்கள் உள்ளே போய்விட வேண்டும். எங்கள் வழக்கம் அது. அவள் ஒரு நாளும் குரல் கொடுக்காமல் ஏறியதில்லை. "ஹோலா, ஏறுறேன்" என்று நாலு திசைக்கும் சொல்லிவிட்டு, அப்புறமும் எண்பது வரை எண்ணிவிட்டுத்தான் முதல் படியில் கால் வைப்பாள். அந்த மஸ்தூராவைத்தான், எங்கள் முற்றத்தை எட்டிப் பார்த்தவள் என்று இன்றைக்குச் சொல்கிறீர்கள். உங்கள் முற்றத்தில் பார்க்க என்ன இருக்கிறது? வெங்காயத் தோலும் காயப்போட்ட காலுறையும்.

பெண்கள் மாதம் ஒரு வீட்டில் கூடி டீ குடிக்கும்போது ஒருமுறை அவள் வாய் திறந்தாள். மருமகள்கள் பரிமாறுவார்களே தவிர அங்கே பேச மாட்டார்கள். அவள் டீ ஊற்றிக்கொண்டே பேசினாள். நம் தெருவில் அறுபத்திரண்டு கூரை இருக்கிறது, வீட்டுக்கு நாலு பேனல் போட்டால் போதும், கோடையில் யார் தயவும் வேண்டாம், மிச்சத்தைக் கம்பியிலேயே விற்கலாம், குளிரில் நாலைந்து வீட்டுக்கு ஒரு பாட்டரி என்று பகிர்ந்துகொள்ளலாம் என்றாள். அவள் எண்ணியிருக்கிறாள் பாருங்கள், அறுபத்திரண்டு என்று. நாங்கள் யாரும் எங்கள் தெருக் கூரைகளை எண்ணியதில்லை. ரிசோலத் கிண்ணத்தை நீட்டிக்கொண்டே, "மகனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், இரும்புக் கேட்டுக்குப் பூ வேல செய்யணும். வெயிலுக்கா காசு செலவழிப்பாங்க?" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கேட்டு இப்போதும் நிற்கிறது. இரண்டு மயில், ஒரு திராட்சைக் கொத்து. கரண்ட் போகும்போது அந்த மயில் என்ன செய்கிறது என்று கேளுங்கள்.

பிறகு அந்தப் பெரிய குளிர் வந்தது. குழாயில் எரிவாயு மூச்சு விடவில்லை. கரண்ட் ஒரு நாளில் நாலு மணி நேரம் வந்தால் அதிசயம். ஆனால் வானம் மட்டும் துடைத்து வைத்தது போல் இருந்தது. சூடில்லாத வெயில், ஆனாலும் வெயில். மஸ்தூரா காலையில் மென்மையான துடைப்பத்தால் பேனல் மேல் இருந்த பனியைத் தள்ளிவிடுவாள். அவள் வீட்டில் மூன்று பல்பு எரிந்தது, தையல் மிஷின் ஓடியது. அவ்வளவுதான். அதற்கு மேல் அந்தப் பாட்டரிக்குத் தெம்பில்லை, அவளும் கேட்கவில்லை.

அந்தக் குளிரில்தான் ரிசோலத்துக்குப் பேரன் பிறந்தான். பிள்ளை பிறந்தால் நாற்பது நாள் தாயும் பிள்ளையும் இருக்கும் அறையில் விளக்கு அணையக் கூடாது. இரவு பகல் எரிய வேண்டும். அணைந்தால் பிள்ளைக்கு ஆகாது என்பது எங்கள் நம்பிக்கை. இது எனக்கும் உண்டு, மஸ்தூராவுக்கும் உண்டு. ரிசோலத் மெழுகுவர்த்தியோடு இரண்டு நாள் போராடிவிட்டு எங்கள் பக்கம் வந்தாள். கேட்டுக்குப் பூ வேலை செய்தவள் வந்து நின்றாள். மஸ்தூரா ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. தெருவுக்குக் குறுக்கே தானே ஒயர் இழுத்துக் கொடுத்தாள். தன் வீட்டு மீட்டர் பெட்டியில் அதற்கென்று ஒரு பழைய பீங்கான் ஃபியூஸ் வைத்தாள். "ஒரு பல்பு மட்டும் ஹோலா. வேற எதையாவது சொருகினீங்கன்னா இந்த ஃபியூஸ் போயிரும். போறதுக்குத்தான் இத வச்சிருக்கேன். இது போகலேன்னா மொத்தமும் எரிஞ்சுரும்" என்றாள். ரிசோலத் அவள் நெற்றியில் முத்தமிட்டாள். நான் பார்த்தேன்.

மறுநாள் ரிசோலத் வீட்டிலிருந்து சாலிஹாவுக்கு ஒரு தட்டு அல்வா வந்தது. கவனியுங்கள், சாலிஹாவுக்கு. வீட்டுக்குப் பெரியவள் அவள்தானே. சாலிஹாவுக்கு அந்த அல்வா மிகவும் இனித்தது. அடுத்த நாள் மூலை வீட்டுக்காரி கேட்டாள், சாலிஹா கொடுத்தாள். அதற்கடுத்த நாள் இன்னொருத்தி. ஒவ்வொரு ஒயருக்கும் ஒரு தட்டு வந்தது, "தெருவுக்கே வெளிச்சம் நீங்கதான்" என்று ஒரு வார்த்தை வந்தது. எல்லாம் அந்த ஒரே பீங்கான் ஃபியூஸ் வழியாகத்தான். மஸ்தூரா தடுத்தபோது, "வெயிலு உங்கப்பன் வீட்டுதா? கேட்டு வந்தவங்களுக்கு இல்லேன்னு சொல்ற வீடு இல்ல இது" என்றாள் சாலிஹா. சொந்த மூட்டையைத் தூக்காதவர்களுக்குத் தாராளம் சுலபம். எனக்கும் ஒரு ஒயர் கிடைத்தது. ஒரு பல்பு என்றுதான் சொன்னேன். மறைக்க மாட்டேன், முழங்காலுக்கு ஒரு குட்டி ஹீட்டரையும் அதில் போட்டுக்கொண்டேன். யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். இந்தத் தெருவில் எல்லாரும் அதையேதான் நினைத்தோம்.

பிள்ளை பிறந்த ஒன்பதாம் நாள் ரிசோலத் வீட்டில் தொட்டில் விருந்து. சம்பந்தி வீட்டார் அறுபது பேர். எரிவாயு இல்லை, விறகு ஈரம். அறுபது பேருக்கு டீ இல்லாமல் முடியுமா? அந்த ஒரு பல்பு ஒயரில் கரண்ட் சமோவாரைச் சொருகினார்கள். ஒரு கரண்ட் அடுப்பையும் சொருகினார்கள். சாயங்காலம் ஐந்து மணி, பொழுது சாய்கிற நேரம். மஸ்தூரா கடைவீதிப் பக்கம் ஒரு கல்யாணத் துணியைக் கொடுக்கப் போயிருந்தாள். ஃபியூஸ் சொன்ன வேலையைச் செய்தது. போய்விட்டது. பிள்ளை அறை இருண்டது. சம்பந்திகள் முன்னால் இருண்டது. ரிசோலத் தெருவில் நின்று, "சாலிஹா, மானம் போகுது" என்று கத்தினாள்.

சாலிஹா மீட்டர் பெட்டிக்கு ஓடினாள். நானும் சின்னக் கதவு வழியாக ஓடினேன். உள்ளே இருட்டு. நான்தான் டார்ச் பிடித்தேன். இதை அப்படியே எழுது மகளே, உன் மாமியார் அனோர் தன் கையால் டார்ச் பிடித்தாள் என்று எழுது.

ஃபியூஸ் போனால் புதிது மாற்றாமல் ஆணியையோ கம்பியையோ திணித்து வைப்பதை நாங்கள் வண்டு வைப்பது என்போம். சோவியத் காலத்திலிருந்து எங்கள் கைக்குப் பழகிய வேலை. அப்போது கடையில் ஃபியூஸ் கிடைக்காது, வண்டுதான் எல்லா வீட்டிலும் உட்கார்ந்திருக்கும். சாலிஹா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. கொண்டையிலிருந்து பித்தளை ஊசியை உருவினாள். "அவ வரட்டும்னு கேக்கலாமே" என்று நான் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். "அவ வர்ற வரைக்கும் புள்ளைய இருட்டுல வைக்கச் சொல்றியா?" என்று கேட்டாள். நான் டார்ச்சை இன்னும் கிட்டே பிடித்தேன். ஊசி உள்ளே போனது, வெளிச்சம் வந்தது. தெருவுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து சம்பந்திகள் கைதட்டுவது கேட்டது.

கால்மணி நேரம். அவ்வளவுதான் இருந்தது அந்த வெளிச்சம். பிறகு இன்வெர்ட்டரிலிருந்து ரப்பர் கருகும் நாற்றம், புகை. பாட்டரி வயிறு ஊதிப்போனது. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் இருட்டு. ரிசோலத் வீட்டில் பெண்கள் ஓவென்று அழுதார்கள். மஸ்தூரா திரும்பி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் நின்றோம். சாலிஹா, "தானா எரிஞ்சு போச்சு" என்றாள். மஸ்தூரா உள்ளே போனாள், மீட்டர் பெட்டியைத் திறந்தாள், ஒன்றும் கேட்காமல் மூடினாள். அவசரத்தில் நான் என் டார்ச்சை அந்தப் பெட்டி மேலேயே மறந்துவிட்டிருந்தேன். காலையில் அது என் ஜன்னல் விளிம்பில் இருந்தது. துடைத்து வைத்திருந்தாள்.

இரண்டு நாளில் பிள்ளைக்கு நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்த அறை ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது, சளி பிடிக்காமல் என்ன செய்யும்? பிள்ளை பிழைத்துக்கொண்டான், அல்லாவுக்கு நன்றி. இன்றைக்கு என் கோழியின் வாலைப் பிடித்து இழுக்கிறான். ஆனால் அந்த வாரம் யாருக்கும் எதுவும் தெரியாது. மஸ்தூராதான் வேண்டுமென்று அணைத்தாள் என்று யாரோ சொன்னார்கள். யார் என்று கேட்டால் இன்றைக்கு ஒருத்தியும் ஒப்புக்கொள்வதில்லை. தைக்கக் கொடுத்த துணியையெல்லாம் திரும்ப வாங்கிப் போனார்கள். பாதி தைத்ததையும் வாங்கிப் போனார்கள். அவளுக்கு இரண்டு இருந்தது, ஒன்று நல்ல பெயர், இன்னொன்று கூரை மேல் அந்த எட்டு. பெயர் அந்த வாரமே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை ரிசோலத் வீட்டில் கூட்டம். தெருவுக்குப் பெரியவரான அக்சகால் நடுவில் உட்கார்ந்தார். விரிப்பில் ரொட்டி, திராட்சை, கற்கண்டு. நியாயம் பேசப் போகும்போதும் எங்களுக்குத் தின்ன வேண்டும். ரிசோலத் அழுதாள். அக்சகால் மஸ்தூராவைக் கேட்டார். அவள் கதவோரம் நின்றுகொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்:

"ஒரு பல்புக்குக் குடுத்த ஒயர்ல சமோவார் போட்டாங்க தாத்தா. ஃபியூஸ் போச்சு. அத்தோட நின்னிருந்தா ஒரு நிமிஷத்துல மாத்தியிருப்பேன். அதுக்கப்புறம் நடந்தது தெரிஞ்சவங்க ரெண்டு பேர் இங்கயே உக்காந்திருக்காங்க. அவங்க எனக்குப் பெரியவங்க. நான் சொல்றது மரியாதையில்ல. அவங்களே சொல்லட்டும்."

சொல்லிவிட்டு நடந்து வந்து, விரிப்பில் சாலிஹாவின் டீக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் எதையோ வைத்தாள். பித்தளை ஊசி. ஒரு முனை கருகி உருகியிருந்தது. சாலிஹா பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் அசையவில்லை. "என் ஊசி கீழ விழுந்துருச்சு போல" என்று எடுத்துக் கொண்டையில் சொருகிக்கொண்டாள். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மஸ்தூரா என்னைப் பார்த்தாள். என் வாயில் கற்கண்டு இருந்தது. அது கரையும் வரை காத்திருந்தேன். கரைந்த பிறகும் நான் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்று என் மருமகள் இப்போது கேட்கிறாள், எழுதுவதை நிறுத்திவிட்டு. சாலிஹா என் நாற்பது வருஷத் தோழி என்பதாலா? டார்ச் பிடித்த கை என் கை என்பதாலா? ஹீட்டராலா? எல்லாம்தான். மருமகள் ஒருத்திக்காகப் பெரியவர்களைச் சபையில் தலைகுனிய வைப்பதா என்று ஒரு திமிர் எங்களுக்குள் எப்போதும் உண்டு, அதுதான் முக்கியமாக. மரியாதை காத்தவள் அவள் ஒருத்தி. அதைத் தின்று ஏப்பம் விட்டவர்கள் நாங்கள்.

ரிசோலத் அழுகையை நிறுத்தவில்லை. அப்போதுதான் சாலிஹா பெரிய மனுஷியாக எழுந்து நின்று, மனத்தாங்கல் வேண்டாம், கூரையில் இருக்கும் எட்டையும் ரிசோலத் வீட்டுக்கே கொடுத்துவிடுகிறேன், பேரன் பேரில் இருக்கட்டும் என்றாள். அக்சகால் தாடியைத் தடவி ஆமோதித்தார். எல்லாரும் கையேந்தித் துவா செய்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள். யாருடையதை யார் கொடுப்பது? அந்தக் கேள்வி அந்த அறையில் ஒருவர் வாயிலும் வரவில்லை. வெயிலுக்கா காசு செலவழிப்பார்கள் என்று சிரித்த அதே ரிசோலத் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்றாள்.

மஸ்தூரா அங்கேயே போனை எடுத்து ரஷ்யாவுக்குப் பேசினாள். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் கான்கிரீட் மிஷின் இரைந்தது. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்கம்மா என் பேனலக் குடுத்துட்டாங்க. குடுக்கலாமா?"

தோலிப், "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும். கண்ணாடிதான, விடு. அப்புறம் வாங்கிக்கலாம்" என்றான்.

"சரி" என்று போனை வைத்தாள். அந்தச் சரியை எல்லாரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பளிச்சென்று வெயில். எட்டு மணிக்கு அவள் குரல் கேட்டது. "ஹோலா, ஏறுறேன்." அன்றைக்கும் சொன்னாள். நான் என் முற்றத்திலேயே நின்றேன், உள்ளே போகவில்லை. ஸ்பேனரோடு ஏறி ஒவ்வொன்றாகக் கழற்றினாள். ஜர்குர்கானிலிருந்து அவள் அண்ணன் சின்ன லாரியோடு வந்திருந்தான். அவள் மேலிருந்து கயிற்றில் இறக்க, அவன் கீழே வாங்கி, பழைய கம்பளத்தை இடையில் கொடுத்து அடுக்கினான். சாலிஹா முற்றத்தில் தலையில் அடித்துக்கொண்டாள். திருடி, குடும்பத்தைக் கெடுத்தவள் என்று தெருவுக்குக் கேட்கச் சொன்னாள். தெரு கேட்டது. ஒவ்வொரு வீட்டுக் கேட்டையும் திறந்துவைத்து நின்று பார்த்தது. ரிசோலத் மட்டும் மயில் கேட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

எட்டும் இறங்கியதும் சாலிஹாவுக்குப் பயம் வந்தது. ஒரு பெண் மாமியார் வீட்டை விட்டுப் போனால் தாய் வீட்டிலிருந்து வந்த பஞ்சு மெத்தைகளையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போவாள். அதை எடுக்கவில்லை என்றால் திரும்பி வருவாள் என்று அர்த்தம் செய்துகொள்ளலாம். மஸ்தூராவின் இருபது மெத்தையும் அடுக்கு கலையாமல் அறையில் இருந்தது. சாலிஹா அதைப் பிடித்துக்கொண்டாள். குரல் இறங்கிவிட்டது. "உன் மெத்தையெல்லாம் இங்கதான இருக்கு மகளே. கோவம் ஆறுனதும் வந்துரு" என்றாள்.

"விருந்தாளி வந்தா விரிச்சுக்குங்கம்மா" என்றாள் மஸ்தூரா. "அதுக்குத்தான் தச்சேன்."

நான் சின்னக் கதவைத் தாண்டி அவளிடம் போனேன். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள், அப்போதும் அரைகுறையாகத்தான் செய்தேன். அவள் காதோரம், யாருக்கும் கேட்காமல், "நான் சொல்லியிருக்கணும் மகளே" என்றேன்.

"சொல்லியிருக்கணும் ஹோலா."

"என்ன மன்னிச்சுரு."

அவள் ஸ்பேனரைத் துணியில் துடைத்தாள். "என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? எனக்குத்தான் தெரியுமே. தெருக்கிட்ட சொல்லுங்க."

நான் திரும்பித் தெருவைப் பார்த்தேன். எல்லாக் கேட்டும் திறந்திருந்தது. சாலிஹா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்வதற்குப் பதில் என்ன செய்தேன் தெரியுமா? வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு ரொட்டி எடுத்து வந்தேன். வெளியூர் போகிறவர் ஒரு கடி கடித்துக் கொடுத்தால், அவர் திரும்பி வரும்வரை அந்த ரொட்டியைச் சுவரில் மாட்டி வைப்போம். பட்டாளத்துக்குப் போன என் மகன் கடித்த ரொட்டி இரண்டு வருஷம் என் சுவரில் இருந்தது. அவளிடம் நீட்டினேன். "ஒரு கடி கடிச்சுட்டுப் போ."

மகள் ஷஹ்லா ஒன்பது வயதுக்காரி, பழக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு குனிந்தாள். மஸ்தூரா அவள் தோளைப் பிடித்து மெல்லப் பின்னால் இழுத்தாள். ரொட்டியை இரண்டு கையாலும் வாங்கினாள், வழக்கப்படி நெற்றியில் ஒற்றிக்கொண்டாள், முழுசாகத் துணிப்பைக்குள் வைத்தாள்.

"வழியில புள்ளைக்குப் பசிக்கும்" என்றாள்.

பிறகு மகள் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள். லாரி மெதுவாக அவளுக்குப் பின்னால் போனது.